எதிர்வரிசையில் ஒற்றை ஆள் (கரும்பலகையும் களமும் – 14)

1964 ஏப்ரல் 25. மலேசியா என்ற நாடு பிறந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. புதிய நாட்டின் முதல் பொதுத் தேர்தல். சிங்கப்பூரில் ஆட்சியில் இருந்த மக்கள் செயல் கட்சி, தீபகற்பத்தில் விரல் விட்டு எண்ணும் தொகுதிகளில் முதன்முறையாக ஆளை நிறுத்தியிருந்தது. லீ குவான் யூ பேசிய கூட்டங்களுக்கெல்லாம் ஜனத்திரள். கூட்டம் வந்தது, ஓட்டு வரவில்லை. நிறுத்திய வேட்பாளர்களில் ஒரே ஒருவர்தான் தேறினார், அதுவும் 808 வாக்கு வித்தியாசத்தில். கோலாலம்பூரின் பங்சார் தொகுதியில் வென்ற அந்த ஒருவர் செங்கரா வீட்டில் தேவன் நாயர்.

பங்சார் என்றால் இன்று வசதி படைத்தவர்களின் பேட்டை. அன்று தொழிலாளர் வாக்கு கணிசமாக இருந்த தொகுதி. நாயரிடம் தோற்றவரும் சாதாரண ஆளில்லை. தொழிற்கட்சியைச் சேர்ந்த வி. டேவிட், தமிழர், அடிமட்டத்திலிருந்து வந்த தொழிற்சங்கவாதி, 1959 முதல் அந்தத் தொகுதியின் உறுப்பினர். ஒரு தொழிற்சங்கக்காரரை இன்னொரு தொழிற்சங்கக்காரர் வீழ்த்திய தேர்தல் அது. இந்த டேவிட் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

சென்ற வாரங்களில் நைஜீரியாவின் ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டியைப் பார்த்தோம். ஆசிரியர் வேலையிலிருந்து அரசியல் வீதிக்கு வந்தவர்களின் வரிசையில் தேவன் நாயர் கொஞ்சம் சிக்கலான மனிதர். ஆங்கிலேயருக்கு எதிராக நின்றார். மலேசிய அரசுக்கு எதிராக நின்றார். கடைசியில், தானே கட்டியெழுப்ப உதவிய சிங்கப்பூர் அரசுக்கு எதிராகவும் நின்றார். இடையில் அதே சிங்கப்பூரின் அதிபராகவும் இருந்தார். ஒரே வாழ்க்கையில் இத்தனையும்.

பிறந்தது 1923 ஆகஸ்ட் 5, மலாக்காவில். அப்பா தலச்சேரிக்காரர், ரப்பர் தோட்டத்தில் கிராணி. முப்பதுகளின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை விழுந்ததும் தோட்டங்கள் ஆட்குறைப்பில் இறங்கின. தோட்டக்காட்டில் வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் வீடு தோட்டத்துடையது. பையனுக்குப் பத்து வயதாகும்போது குடும்பம் சிங்கப்பூருக்குப் பெயர்ந்தது. ரங்கூன் ரோடு ஆரம்பப் பள்ளி, பிறகு விக்டோரியா பள்ளி. 1940இல் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறினார். அடுத்து ஜப்பான்காரன் வந்தான். போர் முடிந்த பிறகு ஆசிரியர் வேலைக்குப் போனார். செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியில் அவர் பாடம் நடத்திய காலம்தான் அவரைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தது.

இங்கே சற்று நிற்க வேண்டும். 1949இல் சிங்கப்பூர் ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஆனார் நாயர். வயது 26. ஓர் ஆசிரியர் சங்கம் எப்படி அரசியலின் மையத்துக்கு வந்தது என்பது எனக்கு இந்தக் கதையின் முக்கியமான பகுதி.

1948 ஜூனில் மலாயாவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்ட் கட்சி காட்டுக்குள் போனது. அதோடு அக்கட்சியின் செல்வாக்கில் இயங்கிய பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் இல்லாமல் போயின. துறைமுகத்திலும் ஆலையிலும் குரல் அடங்கிவிட்டது. மிச்சமிருந்தவை ஆங்கிலம் படித்த எழுத்தர்கள், அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஆகியோரின் சங்கங்கள். அவை அரசுக்கு ஆபத்தானவையாகத் தெரியவில்லை, அதனால் விட்டுவைக்கப்பட்டன. விட்டுவைக்கப்பட்ட இடத்தில்தான் அடுத்த நெருப்பு பற்றியது.

பற்றுவதற்குக் காரணங்கள் இருந்தன. போருக்குப் பின் விலைவாசி ஏறியிருந்தது, சம்பளம் பின்தங்கி நின்றது. இங்கிலாந்திலிருந்து வந்த ஆசிரியருக்குச் சம்பளத்தோடு வெளிநாட்டுப்படி உண்டு. அதே வேலையைப் பக்கத்து வகுப்பறையில் பார்க்கும் உள்ளூர்க்காரருக்கு அது கிடையாது. 1947இல் அரசு பத்தாண்டுக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளிகள் பெருகின, பயிற்சி இல்லாத இளைஞர்களும் இளம்பெண்களும் கூட்டம் கூட்டமாக ஆசிரியர்கள் ஆனார்கள். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு, மிச்ச நேரத்தில் தாங்களே மாணவர்களாக உட்கார்ந்து பயிற்சி பெற்றார்கள். களைத்துப்போன, படித்த, கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறை. சங்கம் அவர்களுக்குச் சம்பள விவகாரத்தைத் தாண்டிய ஓர் இடமாக இருந்தது. உள்ளூர் ஆளுக்கு ஏன் குறைவு என்று கேட்கத் தொடங்கினால், அடுத்த கேள்வி யார் ஆள்கிறார்கள் என்பதில்தான் போய் நிற்கும்.

நாயர் ஒரே சமயத்தில் இரண்டு வேலை பார்த்தார். வெளிப்படையாக ஆசிரியர் சங்கம். மறைவாக, ஆங்கிலேய எதிர்ப்பு முன்னணி. இது கம்யூனிஸ்ட் கட்சியின் ஆதரவு அமைப்பு. 1951 ஜனவரியில் போலீஸ் வளைத்துப் பிடித்தது. ஆங்கிலம் படித்தவர்களை இப்படிக் கொத்தாகக் கைது செய்தது அதுவே முதல் தடவை என்பதால் அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் அதிர்ச்சி. சங்கத்தில் அவருடைய சகாவான பி. வி. சர்மாவும் பிடிபட்டார், சர்மா பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். நாயர் செயின்ட் ஜான்ஸ் தீவில் வைக்கப்பட்டார்.

அந்தத் தீவைத் தமிழர்கள் மறந்துவிடக் கூடாது. கப்பலின் மேல்தளத்தில் பயணம் செய்து சிங்கப்பூர் வந்த நம் முன்னோர்களைத் தொற்றுநோய் பயத்தில் இறக்கி அடைத்து வைத்த தீவு அது. பிழைக்க வந்தவர்களை நிறுத்தி வைத்த கொட்டகைகள் இருந்த இடத்திலேயே விசாரணையில்லாமல் அரசியல் கைதிகளும் வைக்கப்பட்டார்கள். நாயர் அங்கே கழித்தது இரண்டாண்டு. அவசரநிலை விதிகளின்படி குற்றச்சாட்டு, வழக்கு, தண்டனை எதுவும் தேவையில்லை. ஓர் உத்தரவு போதும். உடனிருந்தவர்களில் ஒருவர் பத்திரிகையாளர் அப்துல் சமாத் இஸ்மாயில். அவருக்காக வாதாட வந்த இளம் வழக்கறிஞர்தான் லீ குவான் யூ. நாயர்–லீ நட்பு கைதிகளின் தீவில் தொடங்கியது.

1953இல் விடுதலை. 1954 நவம்பர் 21 அன்று விக்டோரியா நினைவு மண்டபத்தில் மக்கள் செயல் கட்சி தொடங்கப்பட்டபோது அதன் அமைப்பாளர்களில் நாயரும் ஒருவர். அடுத்த ஏப்ரலில் தேர்தல். கட்சி நால்வரை நிறுத்தியது. மூவர் வென்றார்கள், ஃபேரர் பார்க்கில் நின்ற நாயர் மட்டும் தோற்றார்.

1956 அக்டோபரில் மறுபடி கைது. சீன நடுநிலைப் பள்ளி மாணவர்களின் போராட்டம் கலவரமாக வெடித்த நேரம். முதலமைச்சர் லிம் யூ ஹோக்கின் அரசு தொழிற்சங்கத் தலைவர்களை அள்ளிக்கொண்டு போனது. லிம் சின் சியோங், ஃபோங் ஸ்வீ சுவான், ஜேம்ஸ் புதுச்சேரி, சாண்ட்ரா உட்ஹல், தேவன் நாயர். இவர்களில் புதுச்சேரி, மலாயாவின் பொருளாதாரம் யார் கையில் இருக்கிறது என்று ஒரு முழு ஆய்வு நூலையே சிறையில் எழுதி முடித்தார். நாயரின் மனம் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. மார்க்சியம் அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது, ஸ்ரீ அரவிந்தர் உள்ளே வந்தார். பாண்டிச்சேரி ஆசிரமத்தோடு அவருக்கு ஏற்பட்ட பற்று கடைசிவரை விடவில்லை.

1959 மே 30 தேர்தலில் மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43ஐப் பிடித்தது. தோழர்களை வெளியே விட்டால்தான் பதவியேற்போம் என்றார் லீ. ஜூன் 4 அன்று சாங்கி சிறைக் கதவு திறந்தது. வெளியே கூட்டம், மாலைகள், ஆரவாரம். கல்வி அமைச்சருக்கு அரசியல் செயலாளராக நியமிக்கப்பட்டார் நாயர். ஆசிரியர் சங்கத்துக்காரரைக் கல்வி அமைச்சுக்கே அனுப்பினார்கள். ஆனால் அவர் அங்கே நீடிக்கவில்லை, அடுத்த ஆண்டே திரும்பவும் வகுப்பறைக்குப் போனார். சிறைச் சீர்திருத்தம் பற்றிய விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்ததும் அந்த நாட்களில்தான். கைதியாக இருந்தவர் சிறையை எப்படி மாற்றலாம் என்று அரசுக்கு அறிக்கை கொடுத்தார்.

1961இல் கட்சி பிளந்தது. சாங்கியிலிருந்து மாலையோடு வந்தவர்களில் லிம், ஃபோங், உட்ஹல் எல்லாரும் இடதுசாரிகளாகப் பிரிந்து பாரிசான் சோசியலிசைத் தொடங்கினார்கள், புதுச்சேரியும் அந்தப் பக்கம்தான். நாயர் மட்டும் லீயோடு நின்றார். தொழிற்சங்கங்களும் இரண்டாக உடைந்தன. அரசின் பக்கம் நின்றவை தேசியத் தொழிற்சங்க காங்கிரசாகத் திரண்டன, அதன் தலைமைச் செயலாளர் நாயர். 1963 பிப்ரவரி 2 அன்று ‘கோல்டுஸ்டோர்’ நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அவருடைய பழைய சிறைத்தோழர்கள் நால்வரும் அதில் உண்டு. விசாரணையில்லை, வழக்கில்லை, அதே பழைய முறை. இரண்டு முறை அந்தக் கொடுமையை அனுபவித்தவர் இந்த முறை அரசின் பக்கம் இருந்தார். கம்யூனிஸ்டுகளின் பிடியில் சங்கங்கள் போனால் என்ன ஆகும் என்று உள்ளிருந்து பார்த்தவன் நான் என்பதே அவர் பக்க நியாயம். அந்த நியாயத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனாலும் விசாரணையில்லாக் காவலை அதை அனுபவித்தவரே ஏற்றுக்கொண்டது அவர் வாழ்க்கையின் பெரிய பிழை என்றே நான் நினைக்கிறேன்.

இதற்கு அடுத்த ஆண்டுதான் பங்சார் வெற்றி. இந்தப் பகுதியைத்தான் எல்லாரும் இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் சிங்கப்பூருக்கு 15 இடங்கள். அதில் 12 பேர் மக்கள் செயல் கட்சி. நாயர் பதின்மூன்றாவது ஆள், ஆனால் அவருடைய தொகுதி சிங்கப்பூரில் இல்லை. 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் சிங்கப்பூரில் இனக் கலவரம். 1965 முழுக்க ‘மலேசியர்களுக்கான மலேசியா’ என்ற முழக்கம், அதற்கு எதிர்ப்பு, கசப்பு. 1965 ஆகஸ்ட் 9 காலை சிங்கப்பூர் தனி நாடானது. அன்றோடு அந்த 15 பேரும் கோலாலம்பூர் அவையிலிருந்து போய்விட்டார்கள். நாயர் மட்டும் மிஞ்சினார்.

அந்த நிலைமையை எண்ணிப் பாருங்கள். கட்சித் தலைவர் இப்போது வேறொரு நாட்டின் பிரதமர். தோழர்கள் அனைவரும் எல்லைக்கு அந்தப்புறம். அடுத்த மாதமே, வெளிநாட்டுக் கட்சி என்று சொல்லி மலாயாவில் மக்கள் செயல் கட்சியின் பதிவை அரசு ரத்து செய்தது. பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜோகூர் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. பங்சார் மக்கள் ஓட்டுப்போட்டது ஐந்தாண்டுக்கு என்று இருந்துவிட்டார். புதுப் பெயரில் பதிவுக்கு மனுப்போட்டார்கள். 1966 மார்ச் 18 அன்று ஜனநாயக செயல் கட்சி பதிவானது. முதல் பொதுச் செயலாளர் தேவன் நாயர். அவையில் அந்தக் கட்சிக்கு இருந்தது அவர் ஒரே குரல்.

ஆளும் கூட்டணியின் பெரும்பான்மைக்கு எதிரே ஒற்றை உறுப்பினரால் எந்த மசோதாவையும் தடுக்க முடியாது. செய்யக்கூடியது கேள்வி கேட்பது, பதிவு செய்வது, வெளியே ஆள் சேர்ப்பது. மூன்றையும் செய்தார். கட்சிக்கு ‘ராக்கெட்’ என்று ஒரு பத்திரிகை வந்தது. அதன் முதல் ஆசிரியரான இளைஞர் லிம் கிட் சியாங் பிற்காலத்தில் பல பத்தாண்டுகள் மலேசிய எதிர்க்கட்சி அரசியலின் முகமாக இருந்தார். ஒரு கட்சியைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, கிளை அமைத்து, படிக்கத் தெரிந்த இளைஞர்களைத் தேடிப் பிடித்து உட்காரவைக்கும் வேலைக்கு ஆசிரியர் சங்கத்தில் கற்றது கைகொடுத்திருக்கும் என்று நம்புகிறேன். 1969 மே 10 தேர்தலில் அக்கட்சி 13 நாடாளுமன்ற இடங்களை வென்றது. அதில் நாயர் போட்டியிடவில்லை. மூன்று நாளில் மே 13 கலவரம். லிம் கிட் சியாங் கைது. நாயர் சிங்கப்பூர் திரும்பியிருந்தார், லீ அழைத்திருந்தார்.

வி. டேவிட் கதையையும் சொல்லிவிடுகிறேன். 808 வாக்கில் தன்னைத் தோற்கடித்தவர் தொடங்கிய அதே ஜனநாயக செயல் கட்சியின் வேட்பாளராக 1978இல் டாமன்சாரா தொகுதியில் நின்று வென்றார். மலேசியத் தொழிற்சங்க காங்கிரசின் பொதுச் செயலாளராகவும் ஆனார்.

சிங்கப்பூரில் நாயரின் அடுத்த பத்தாண்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிரிட்டிஷ் படைத்தளங்கள் மூடப்படுகின்றன என்ற அறிவிப்பு வந்த பிறகு, அந்நிய முதலீட்டை ஈர்க்க 1968இல் தொழிலாளர் சட்டங்கள் இறுக்கப்பட்டன. சங்கங்கள் பேரம் பேசும் எல்லை சுருங்கியது. 1969 நவம்பரில் நாயர் கூட்டிய கருத்தரங்கு, சங்கங்கள் கூட்டுறவுகளை நடத்த வேண்டும் என்று திருப்பியது. இன்கம் காப்பீடு, கம்ஃபோர்ட் டாக்சி, வெல்கம் பேரங்காடி எல்லாம் அதில் பிறந்தவை. இன்று லிட்டில் இந்தியாவிலும் ஈசூனிலும் நம் ஆட்கள் அரிசி பருப்பு வாங்கும் ஃபேர்பிரைஸ் கடைகள் அந்த வெல்கமின் வழி வந்தவை. தொழிலாளியின் சட்டைப்பையில் மிச்சம் பிடித்துக் கொடுத்தார், அதில் சந்தேகமில்லை. அவனுடைய வேலைநிறுத்த ஆயுதம் துருப்பிடித்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு.

1979இல் ஆன்சன் தொகுதி உறுப்பினர். 1981 அக்டோபர் 23 அன்று சிங்கப்பூரின் மூன்றாவது அதிபர். அதிபரானதால் ஆன்சன் காலியானது. அக்டோபர் 31 இடைத்தேர்தலில் தொழிலாளர் கட்சியின் ஜே. பி. ஜெயரத்தினம் 653 வாக்கில் வென்றார். யாழ்ப்பாணத் தமிழ் வேரைக் கொண்ட வழக்கறிஞர். துறைமுக விரிவாக்கத்துக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட ஊழியர்களின் கோபம் அவருக்கு ஓட்டாக மாறியது. சுதந்திர சிங்கப்பூரில் தேர்தலில் வென்ற முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் அவர்தான். கோலாலம்பூரில் தன் கட்சியின் ஒற்றை ஆளாக அமர்ந்திருந்தவர் விட்டுச்சென்ற இடத்தில், சிங்கப்பூரின் ஒற்றை எதிர்க்கட்சி ஆள் வந்து அமர்ந்தார்.

1985 மார்ச் 28 அன்று நாயர் பதவி விலகினார். குடிப்பழக்கத்தால் என்று நாடாளுமன்றத்தில் பிரதமர் அறிவித்தார். நிபந்தனையோடு தரப்பட்ட ஓய்வூதியத்தை நாயர் ஏற்கவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் அமெரிக்கா, பிறகு கனடா. 1994இல், முன்னாள் அரசு வழக்கறிஞர் ஃபிரான்சிஸ் சியோ தன் சிறை அனுபவத்தை எழுதிய நூலுக்கு முன்னுரை எழுதினார். விசாரணையில்லாக் காவலையும் லீயின் ஆட்சி முறையையும் அதில் கடுமையாகச் சாடினார். 1963இல் பேசாதவர் 31 ஆண்டு கழித்துப் பேசினார். தாமதம்தான். ஆனால் அந்தத் தலைமுறையில் அரசின் உச்சப் பதவியில் இருந்தவர்களில் அவரளவுக்கு வெளிப்படையாகப் பேசியவர் வேறு யார்? 1999இல் கனடாவின் ‘குளோப் அண்ட் மெயில்’ நாளிதழில் அவர் சொன்னவற்றுக்காக லீ அவதூறு வழக்குத் தொடுத்தார். கைதிகளின் தீவில் தொடங்கிய நட்பு இப்படி முடிந்தது.

மனைவி ஆவடை தனம் 2005 ஏப்ரலில் ஹாமில்டன் நகரில் காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று அதே நகரில் நாயரும் போனார்.

அவர் ஒற்றை ஆளாக அவையில் பிரதிநிதித்துவப்படுத்திய கட்சி, 2022 மலேசியத் தேர்தலில் 40 இடங்களை வென்றது. ஆனாலும் சிங்கப்பூரில் அவரை அதிபராக மட்டும் நினைக்கிறார்கள், மலேசியாவில் சிங்கப்பூர்க்காரர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 1964 முதல் 1969 வரையான அந்த ஐந்தாண்டு இரண்டு பக்கமும் அநாதையாகக் கிடக்கிறது. மலேசிய நாடாளுமன்றத்தின் அன்றைய நடவடிக்கைக் குறிப்புகள் இணையத்தில் யாரும் படிக்கக் கிடைக்கின்றன. பங்சார் உறுப்பினர் எழுந்து பேசிய பக்கங்களைத் தேடித் தொகுத்து, வி. டேவிட்டின் கதையையும் சேர்த்து, கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ உள்ள ஒரு தமிழ் ஆய்வு மாணவர் நூலாக எழுத வேண்டும். அந்தக் காலத்து ஆசிரியர் சங்கத்திலும் தொழிற்சங்கத்திலும் இருந்த பெரியவர்கள் இன்னும் சிலராவது நம்மிடையே இருப்பார்கள். இருக்கும்போதே போய்க் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

(தொடரும். அடுத்த வாரம்: மெக்சிகோவின் ஒத்தோன் சாலசார்)